அக்காவுக்கு மட்டும் ஏன் வேற டம்ளர்? 5 வயசுப் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம். கடலூர், மஞ்சக்குப்பம். பையன் யூகேஜி. வீட்டில் நான், கணவர், மாமியார் (பையனுக்கு ஆயா).

வேலைக்கு வர்ற அக்காவுக்கு மாமியார் தனி டம்ளரில்தான் டீ கொடுப்பார். அது பின்பக்க ஜன்னல் திட்டில் கவிழ்ந்தே கிடக்கும். போன மாசம் பள்ளி லீவுன்னு அக்கா தன் மகளைக் கூட்டி வந்தார். அவள் தண்ணி கேட்டதும் இவன் ஓடிப்போய் அதே டம்ளரை எடுத்து நீட்டி, "உங்களுது இதுதான்" என்றான். யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்தே பிடித்துக்கொண்டான்.

டம்ளரை எடுத்து மற்ற பாத்திரங்களோடு கலந்து வைத்தேன். மறுநாளே பேப்பர் கப் வந்துவிட்டது. கேட்டால் சுத்தமாம். (விருந்தாளி வந்தால் மட்டும் அந்தச் சுத்தம் எங்கே போகுமோ!) கணவர் பேசிப் பார்த்தார், வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லாமல் போனதுதான் மிச்சம்.

வடலூர் தருமசாலைக்கும் கூட்டிப்போனோம். 1867-ல் வள்ளலார் தொடங்கியது, யார் வந்தாலும் சாப்பாடு. பந்தியில் ஜோராகச் சாப்பிட்டான். திரும்பும்போது பஸ்ஸிலேயே கேட்டுவிட்டான்: "அங்க எல்லாரும் ஒண்ணா சாப்பிடறாங்க, ஆயா மட்டும் ஏன் அக்காவுக்கு வேற தர்றாங்க?"

அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று அவனிடம் சொல்லவா முடியும்? "ஆயா செய்றது தப்பு" என்றால் நேரே போய் அவரிடமே சொல்லிவிடுவான். தூங்குவதே ஆயா மடியில்தான்.

பொய்யும் சொல்லாமல், ஆயா மேல் வெறுப்பும் வராமல், இந்த வயசுப் பிள்ளைக்கு நீங்கள் எப்படிச் சொல்லிப் புரிய வைத்தீர்கள்?