கோல் கோட்டருகே லைன் ஜட்ஜ் எப்போது நகர வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களில், ஐந்து நடுவர் குழுவின் லைன் ஜட்ஜாக (பக்கக் கோட்டில் நின்று கவனிக்கும் நடுவராக) இது எனக்கு இரண்டாவது பருவம். அனுபவமுள்ளவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க விரும்புகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை, கோல் கோட்டிலிருந்து 7 யார்டு தூரத்தில் ஸ்னாப் ஆன (ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் கொடுக்கப்பட்ட) பந்தை வாங்கிய ரன்னிங் பேக் (பந்துடன் ஓடும் வீரர்), என் பக்கமாகவே வளைந்து ஓடிவந்து, கோல் கோடும் பக்கக் கோடும் சேரும் மூலையிலிருந்த ஆரஞ்சு நிறப் பைலானை (குட்டை அடையாளத் தூணை) நோக்கிப் பந்தை நீட்டியபடி பாய்ந்தார். ஆட்டத்தின் போக்கைப் பார்த்துவிட்டு நகரலாம் என்று தாமதித்த நான் அப்போது 3 யார்டு கோட்டருகேதான் இருந்தேன். முழங்கால் முதலில் தரையைத் தொட்டதா, பந்து முதலில் கோல் கோட்டைக் கடந்ததா என்பதைச் சாய்கோணத்தில் பார்த்தே டச் டவுன் என்று இரு கைகளையும் உயர்த்திவிட்டேன். தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் இடத்தில் நான் நிற்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது. எதிரணிப் பயிற்சியாளரும் அதையேதான் கேட்டார், சற்று உரத்த குரலில்.

ஸ்னாப் 5 யார்டுக்குள் என்றால் உடனே கோல் கோட்டுக்குப் போய்விடுகிறேன், அதில் குழப்பமில்லை. 5க்கும் 10க்கும் இடைப்பட்ட ஸ்னாப்பில் முன்கூட்டியே ஓடிவிட்டால், நடுவிலேயே மடக்கப்படும் ஓட்டக்காரரின் முன்னேற்றப் புள்ளியை (பந்துடன் அவர் முன்னோக்கி எட்டிய இடத்தை) எங்கிருந்து குறிப்பீர்கள்? டேக்கிள் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைத் தடுப்பு வீரர்) முன்னோக்கித் தள்ளுகிறாரா, பாஸுக்காகப் பின்வாங்குகிறாரா என்பதைப் பார்த்த பிறகு நகர்வது போதுமா? பைலானும் ஓட்டக்காரரின் கால்களும் ஒரே பார்வையில் அடங்க, பக்கக் கோட்டுக்கு வெளியே எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.