கே31 துப்பாக்கியின் அடித்தகட்டுக்குள் ஒரு சீட்டு: படிக்க உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். பத்து ஆண்டுகளாகத் தேடிய சுவிஸ் ராணுவத்தின் கே31 துப்பாக்கி, உரிய அனுமதியுடன் சென்ற மாதம் என் கைக்கு வந்தது. ‘1931 மாதிரி’ என்று பெயர் பெற்ற வடிவம், 7.5 மி.மீ. தோட்டா, ஆறு தோட்டாக்கள் கொள்ளும் கூடு. ஜெர்மனியின் மவுசர் வகைத் துப்பாக்கிகளைப் போல போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டை) கைப்பிடியால் தூக்கித் திருப்ப வேண்டியதில்லை. நேராகப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் போதும். அந்த வழுக்கல் கடிகாரத்தின் உள்ளே கைவைத்ததுபோல் இருக்கிறது!

துடைப்பதற்காக அடித்தகட்டின் (தோளில் பதியும் மரக்கட்டை முனையை மூடும் உலோகத் தகட்டின்) இரண்டு திருகுகளையும் கழற்றினேன். உள்ளே மடித்த ஒரு சீட்டு. இதை வைத்திருந்த வீரரின் பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு. அந்தக் காலத்தில் சுவிஸ் வீரர்கள் இப்படி வைப்பது வழக்கமாக இருந்தது என்று படித்திருக்கிறேன். கண்ணால் கண்டபோது கை நடுங்கிவிட்டது. படைப்பிரிவு வரியில் ‘ஃப்யூஸ்’ என்பது காலாட்படையைக் குறிக்கிறது. அடுத்த சுருக்கெழுத்துகள் ஈரத்தில் கரைந்திருக்கின்றன. பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், படம் அனுப்புகிறேன். அவர் குடும்பத்தை எண்ணி, பெயரை இங்கே பொதுவில் போட மாட்டேன்.

இன்னொன்று: பீச் மரக்கட்டையின் அடிப்பகுதி நன்றாகச் சிதைந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தழும்புகள் அவருடையவை. மரத்தை உலரவிடாமல் காக்க ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதுமா? சீட்டை மீண்டும் உள்ளேயே வைக்கலாமா, அமிலமில்லாத உறையில் தனியாக வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.