ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய்யா?

தாமிரபரணி:
எனக்கு 16 வயதில் தொடங்கிய வலி. இப்போது வயது 27. மாதவிடாய் வந்தால் முதல் இரண்டு நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போவேன். இதுவரை ஆறு மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். முதலாமவர், "பெண்ணாகப் பிறந்தால் இதெல்லாம் இருக்கும்" என்றார். மூன்றாமவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம், "கல்யாணத்தை முடித்து வையுங்கள், ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார். ஐந்தாமவர் ஸ்கேன் நார்மல் என்று சொல்லி மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். ஆறாமவர்தான் லேப்ராஸ்கோப்பி செய்தார், அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். கருப்பையின் பின்புறம் குடலோடு ஒட்டிக்கிடந்தது. மற்ற ஐந்து பேரும் ஏன் என்னை நம்பவில்லை?

அரசு மருத்துவர்:
சகோதரி, உங்கள் வலி உண்மை. ஆனால் "நம்பவில்லை" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். எங்கள் ஓபியில் ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்க முடிந்தாலே பெரிது. மாதவிடாய் வலி என்று வரும் இளம்பெண்களில் பெரும்பாலோருக்கு உள்ளே எந்தக் கோளாறும் இருப்பதில்லை. வலி மாத்திரையே போதும். அத்தனை பேரையும் மயக்கம் கொடுத்து லேப்ராஸ்கோப்பி செய்ய முடியுமா? தேவையில்லாமல் வயிற்றைத் துளைத்து அனுப்பிய பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியே, எடுத்தவுடன் லேப்ராஸ்கோப்பி வேண்டாம், அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம் என்கிறது.

தாமிரபரணி:
அந்த வழிகாட்டியை நானும் படித்தேன், டாக்டர். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. நோயைக் குணப்படுத்துவதற்காகக் கருத்தரிக்கச் சொல்லக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. ஐந்து பேரில் யாரிடமும் நான் அறுவை சிகிச்சை கேட்கவில்லை. அறிகுறிகளை வைத்து மருந்து தரலாம் என்கிறீர்கள். அறிகுறியை யார் கேட்டார்கள்? மலம் கழிக்கும்போது வலிக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆண்டு வாரியாக அடுக்கி மஞ்சள் பையில் வைத்திருந்த ரிப்போர்ட்டுகளின் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. வெந்நீர்ப் பையை வைத்து வைத்து என் அடிவயிற்றுத் தோலில் மீன்வலை போலக் கருமை படிந்திருக்கிறது. பொய் வலிக்காக யாராவது தன் தோலைத் தானே பொசுக்கிக்கொள்வார்களா?

மருந்தாளுநர்:
நான் மருத்துவர் பக்கம். கடையில் தினமும் பார்க்கிறேன். தீராத நோய் உள்ளவர்கள் ஒரு மருந்தை மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிடுவதில்லை. அதற்குள் அடுத்த ஊர், அடுத்த மருத்துவர். ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பிறகு இத்தனை ஆண்டு வீணானது என்றால் அதில் நமக்கும் பங்கு இல்லையா?

தாமிரபரணி:
மருந்து தந்தவரை விட்டு நான் ஓடவில்லை. ஆறாமவர் எழுதிய டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் ஹார்மோன் மாத்திரையை ஒன்றரை ஆண்டாக ஒரு நாள் விடாமல் சாப்பிடுகிறேன். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியவரிடம் எதற்காகத் திரும்பிப் போக வேண்டும்?

இரு பெண்களின் தாய்:
இதை எழுதக் கை நடுங்குகிறது. என் மூத்த மகள் சுருண்டு படுத்தபோதெல்லாம், "நானும்தான் தாங்கினேன், ஊரில் இல்லாத வலியா உனக்கு?" என்று எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டுச் சொல்லைத்தான் மருத்துவரும் சொன்னார். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாமிரபரணி:
அம்மா, உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. நீங்கள் படித்தது வேறு, அவர்கள் படித்தது வேறு. இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரிய நோய், அதனால் நினைவுக்கு வரவில்லை என்று ஒரு மருத்துவர் சொல்ல முடியாது.

அரசு மருத்துவர்:
அந்தத் தோல் கருமை நெடுநாள் சூடு பட்டால் வருவது. துணியை விலக்கிப் பார்த்திருந்தால் ஐந்து நொடியில் தெரிந்திருக்கும். பார்க்காதது தவறு, அதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்லமாட்டேன். மலம் கழிக்கையில் வலி, பள்ளி அல்லது வேலைக்குப் போக முடியாத நாட்கள், மாத்திரைக்கு அடங்காமை ஆகிய மூன்றையும் கேட்க ஒரு நிமிடம் போதும். ஆனால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவதை அவமானம் என்று நினைக்காதீர்கள். பதினொரு ஆண்டு வலி மனத்தையும்தான் தின்னும்.

தாமிரபரணி:
வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, மனத்துக்கும் துணை வேண்டும் என்று அனுப்பியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். வலியே இல்லை என்று சொல்லித்தானே அனுப்பினார்.

அரசு மருத்துவர்:
அது சரியல்ல. ஒப்புக்கொள்கிறேன்.

இரு பெண்களின் தாய்:
டாக்டர், என் இளையவளுக்கு 15 வயது. மாதத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போவதில்லை. எங்கே காட்டுவது?

அரசு மருத்துவர்:
மகளிர் நோய் பிரிவு ஓபியில் காட்டுங்கள் அம்மா. வலி வந்த தேதி, போட்ட மாத்திரை, பள்ளிக்குப் போகாத நாள் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து, அந்தத் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுபோங்கள். ஓபி சீட்டோடு மேசையில் அதை வையுங்கள்.

தாமிரபரணி:
அம்மா, மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேட்டாலும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவளையே பேச விடுங்கள்.