வழக்கறிஞர் நாடாளுமன்ற உறுப்பினரானால் அவருடைய தொழில் என்னவாகிறது?

கேள்வி: தருமபுரியிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் நான்கு ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் தொகுதியில் வழக்கறிஞர் ஆ. மணி, சௌமியா அன்புமணியை ஏறத்தாழ 21,300 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2019 பாப்பிரெட்டிப்பட்டி இடைத்தேர்தலில் தோற்றவர் அவர். 2014, 2019 ஆகிய இரண்டு மக்களவைத் தேர்தல்களிலும் இத்தொகுதி மருத்துவர்களையே அனுப்பியிருந்ததால், கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் டெல்லி செல்வது எங்கள் வளாகத்தில் பல நாள் பேச்சாக இருந்தது. அதையொட்டி, இளம் வழக்கறிஞர்கள் கூடும் வாராந்திரக் கூட்டத்தில் இப்பொருள் குறித்துப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். நாடாளுமன்ற உறுப்பினரானவர் வக்காலத்து போட்டுத் தொடர்ந்து வாதாடலாமா, அல்லது வழக்கறிஞர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் தம் பதிவை நிறுத்திவைக்க வேண்டுமா? அடுத்து, நீதிமன்றத்தில் பழகிய பழக்கங்கள் அவையில் உண்மையாகவே கைகொடுக்கின்றனவா, அல்லது அது நாங்கள் எங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமை மட்டும்தானா? தேர்தல் கட்சிச் சண்டையாக இதை மாற்றாமல், அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வழக்கறிஞர்

தம்பி, உங்கள் முதல் ஐயத்துக்கு உச்ச நீதிமன்றமே விடை தந்துவிட்டது. முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 49-ஆவது விதி. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் சம்பளம் பெறுகிறார்களே, அவர்களுக்கு இவ்விதி பொருந்தாதா என்று கேட்டு அஸ்வினி குமார் உபாத்யாய் தொடுத்த வழக்கில் 2018 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பு வந்தது. உறுப்பினருக்கும் அரசுக்கும் இடையே முதலாளி – ஊழியர் உறவு இல்லை, எனவே அவர்கள் 49-ஆவது விதியில் சொல்லப்படும் முழுநேரச் சம்பள ஊழியர்கள் அல்லர் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறி, மனுவைத் தள்ளுபடி செய்தது. அமைச்சராகும்போதுதான் நிலைமை மாறுகிறது. அதனால்தான் ப. சிதம்பரம் போன்றவர்கள் அமைச்சராக இருந்த ஆண்டுகளில் அங்கியைக் கழற்றிவைத்து, பதவி இல்லாத ஆண்டுகளில் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒருவர் இரண்டையும் நன்றாகச் செய்துவிட முடியும் என்று பொருளில்லை. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் கிருஷ்ணகிரி சார்பு நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கட்சிக்காரர் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்? மாவட்ட அளவில் தொழில் செய்பவரின் வழக்குக் கட்டுகள் பெரும்பாலும் ஜூனியர்களின் கைக்குத்தான் போய்ச்சேரும். டெல்லியிலும் சென்னையிலும் வாதாடும் மூத்த வழக்கறிஞர்களுக்குச் சூழல் வேறு.

இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று உரமானதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு பி. வில்சன். 2012 முதல் 2014 வரை இந்திய அரசின் கூடுதல் தலைமை வழக்கறிஞராக இருந்த அவர், 2019-இல் மாநிலங்களவைக்குச் சென்றார். மருத்துவப் படிப்பில் மாநிலங்கள் மத்திய அரசுக்கு ஒப்படைக்கும் அகில இந்தியத் தொகுப்பு இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தி.மு.க.வுக்காக அவர் வாதாடினார். 2020 ஜூலை 27-இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு ஜூலையில் 27 விழுக்காடு ஒதுக்கீட்டை மத்திய அரசு அறிவித்தது. ஒரே பொருளை மன்றத்தில் வாதமாகவும் அவையில் கோரிக்கையாகவும் எடுத்துச்செல்லும் வாய்ப்பு வேறு எந்தத் தொழிலிலிருந்து வந்தவருக்கும் கிடைப்பதில்லை.

மறுமொழி: ஓசூரிலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

நம் மண்ணிலிருந்து தொடங்காமல் இப்பொருளைப் பேசுவது முறையாகாது என்பதால் எழுதுகிறேன். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிப் படிப்பையும் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டப் படிப்பையும் முடித்து, சென்னையில் சட்டம் பயின்று, 1900-இல் சேலத்தில் தொழிலைத் தொடங்கினார். அக்காலத்தில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்கு உட்பட்டவை. தருமபுரி 1965-இலும் கிருஷ்ணகிரி 2004-இலும்தான் தனி மாவட்டங்களாயின. நன்றாக வருமானம் தந்துகொண்டிருந்த அந்தத் தொழிலை ஒத்துழையாமை இயக்கத்துக்காக அவர் விட்டார். தாம் வாதாடிய நீதிமன்ற முறையையே புறக்கணித்து, 1921 இறுதியில் வேலூர்ச் சிறைக்குக் கைதியாகச் சென்றார்.

அவர் மக்களவைத் தேர்தலில் நின்றவர் அல்லர். கிருஷ்ணகிரித் தொகுதியில் 1952, 1957 தேர்தல்களில் வென்றவர் அவருடைய மகன் சி. ரா. நரசிம்மன். ஆனால், சர்தார் படேலின் மறைவுக்குப் பிறகு 1950 டிசம்பர் இறுதியிலிருந்து மறு ஆண்டு அக்டோபர் வரை உள்துறை அமைச்சராக ராஜாஜி நாடாளுமன்றத்தில் நின்று பேசிய பத்து மாதங்களை, வழக்கறிஞராக வரப்போகும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று கருதுகிறேன். விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த தடுப்புக்காவல் சட்டத்தை 1951-இல் நீட்டித்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அவரே. ஆட்சேபகரமான அச்சு வெளியீடுகளுக்கு எதிரான பத்திரிகைச் சட்டத்தையும் அதே ஆண்டில் அவரே அவையில் நடத்திக்கொடுத்தார். சிறைக்குள் நாட்குறிப்பு எழுதியவர், சிறைக்கு வெளியே நின்று இப்படி ஒரு சட்டத்துக்கு வாதாடியது எனக்கு இன்றும் நெஞ்சை உறுத்தும் செய்தி.

ஆயினும் அதே மசோதாவில்தான், காவலில் வைக்கப்படும் ஒவ்வொருவரின் வழக்கும் ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும், போதிய காரணம் இல்லை என்று குழு கருதினால் அவரை விடுவிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் சேர்ந்தது. கடுமையான ஒரு சட்டத்துக்குள்ளும் மேல்முறையீட்டுக்கு ஒரு கதவு வைக்க வேண்டும் என்ற எண்ணம் நீதிமன்றத்தில் பழகியவருக்கு இயல்பாக வருவது. அந்தக் கதவு போதுமானதா என்பது வேறு கேள்வி. போதாது என்பதே என் கருத்து. தம்பி கேட்ட இரண்டாம் ஐயத்துக்கு இதையே என் விடையாகக் கொள்ளலாம். சட்டத் திறமை உரிமையைக் காக்கவும் பயன்படும், உரிமையைக் குறைக்கும் விதியைச் செம்மையாக எழுதவும் பயன்படும்.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். சேலம் வட்டாரத்துக் குமாரமங்கலம் குடும்பத்தில் வந்த மோகன் குமாரமங்கலம், சென்னை மாநில அட்வகேட் ஜெனரலாக இருந்தபின் 1971-இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குச் சென்று, எஃகு, சுரங்கத் துறை அமைச்சராகி நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமையாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1973-இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ. என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது அதை மக்களவையில் வாதாடி நியாயப்படுத்தியவரும் அவரே. அதே ஆண்டு மே 31 அன்று டெல்லி விமான விபத்தில் இறந்தார். அவருடைய மகன் ரங்கராஜன் குமாரமங்கலமும் வழக்கறிஞர். 1984 முதல் மூன்று முறை சேலத்தில் வென்றவர்.

மறுமொழி: பென்னாகரத்திலிருந்து ஒரு விவசாயி

பெரியவர்கள் எழுதியதை மதிப்புடன் படித்தேன். ஆனாலும் வாக்களிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. எங்கள் பகுதி இளைஞர்கள் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூருக்குப் போகிறார்கள். மொரப்பூர் – தருமபுரி இடையே வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிய சிறு ரயில் நின்றுபோய் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. 36 கிலோமீட்டர் நீளத்துக்கு மீண்டும் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், மேட்டூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம்தான் வரும். அதில் ரயில் பாதை போட முடியாது, பேசித்தான் வாங்க வேண்டும். அப்படிப் பேசுவதில் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் விவசாயிக்கும் என்ன வேறுபாடு இருக்கிறது? நாங்கள் மனு கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்தவர்கள். படிப்பைப் பார்த்து நம்பிக்கை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: கிருஷ்ணகிரி வழக்கறிஞர், மீண்டும்

பென்னாகரத்து ஐயா கேட்டது மிகச் சரியான கேள்வி. முதல் மறுமொழியிலேயே நான் இதைத் தொட்டிருக்க வேண்டும்.

மக்களவையில் ஒவ்வொரு நாளும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். உறுப்பினர்கள் பொதுவாகப் பதினைந்து நாட்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் தேர்ந்து, நாளொன்றுக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியுடன் பட்டியலில் இடம்பெறும்; அமைச்சர் அவற்றுக்கு வாய்மொழியாக விடை சொல்லி, துணைக் கேள்விகளையும் எதிர்கொள்ள வேண்டும். மற்றவற்றுக்கு எழுத்தில் விடை வரும். "மொரப்பூர் பாதையை விரைவாக முடிப்பீர்களா?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரியில் விடை முடிந்துவிடும். குறுக்கு விசாரணையில் பழகியவர் அப்படிக் கேட்கமாட்டார். எத்தனை ஹெக்டேர் நிலம் தேவை, இதுவரை எவ்வளவு கையகப்படுத்தப்பட்டது, எந்தெந்தக் கிராமங்களில் நிலுவை, எந்த அலுவலகத்தில் நிலுவை, நடப்பு ஆண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று கேள்வியை உடைத்து, தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக் கேட்பார்.

ஒரு வேறுபாடும் உண்டு. விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று எங்களுக்குச் சீனியர்கள் கற்றுத்தருவார்கள். அவையில் அது செல்லாது. அங்கே விடை தெரியாததாலேயே கேட்கிறோம். கிடைத்த விடை அவைப் பதிவாகிவிடுகிறது. அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட அந்தத் தாள், அடுத்த கூட்டத்தொடரில் நீதிமன்றச் சான்றாவணம்போல் உறுப்பினரின் கையில் இருக்கும். சென்ற ஆண்டு நிலமெடுப்பு இவ்வளவு என்றீர்கள், இவ்வாண்டும் அதே எண்ணைச் சொல்கிறீர்களே என்று கேட்க அது ஒன்றே போதும். பென்னாகரத்து ஐயா போன்றவர்களின் மனுக்கள் அலுவலகத்து அலமாரியில் கிடப்பதற்கும், அவை கேள்வியாகி அமைச்சரின் விடையோடு அச்சேறுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் சிறிதாக எண்ணவில்லை.

இதை ஒரு மருத்துவரோ விவசாயியோ செய்ய முடியாது என்று சொல்லவில்லை. ஆவணக் கட்டைப் படித்துவிட்டு எழுந்து நிற்கும் யாரும் செய்யலாம். படிக்காமல் எழுந்து நிற்கும் வழக்கறிஞர்களையும் நான் இருபத்தெட்டு ஆண்டுகளாக நீதிமன்றத்தில் பார்த்துவருகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. ராஜாஜியைப் பற்றிப் பெருமையாக மட்டும் பேசிவிடலாம் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஆசிரியர் ஐயாவின் மறுமொழியைப் படித்தபின் 1951 விவாதங்களைத் தேடிப் படிக்காமல் பேசக் கூடாது என்று முடிவுசெய்து, கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறேன்.

மக்களவையின் இணையதளத்தில் உறுப்பினர்களின் கேள்விகளும் அமைச்சர்களின் விடைகளும் தேடக் கிடைக்கின்றன. மொரப்பூர் பாதை குறித்து இதுவரை தரப்பட்ட விடைகளைத் தேதி வரிசைப்படி அச்செடுத்து, எண்கள் எங்கே மாறியிருக்கின்றன, எங்கே மாறாமல் நிற்கின்றன என்று அடிக்கோடிட்டுக் கொண்டுவரப் போகிறேன். பென்னாகரத்து ஐயா அன்று மாலை தருமபுரி வர இயலுமானால், தாங்கள் கொடுத்த மனுக்களின் நகல்களையும் எடுத்துவாருங்கள். அவற்றிலிருந்து கேட்கத்தக்க கேள்விகளை எல்லோரும் சேர்ந்து எழுதி, நம் உறுப்பினரின் அலுவலகத்தில் நேரிலேயே கொடுத்துவிட்டு வரலாம்.