“நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க அம்மிணி”

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். அங்கே யாரையும் பாராட்ட யாருக்கும் நேரம் கிடையாது. ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் திட்டு, தேதி தாண்டினால் பெரிய திட்டு, நல்லபடியாகப் போய்விட்டால் அடுத்த ஆர்டர். அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில்தான் என் வேலைக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

நேவி ப்ளூ காலர் டீ-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நிறம் என்றாலும் டையிங்கில் இரண்டு லாட்டாக, அதாவது இரண்டு தடவையாகச் சாயம் போட்டால் இரண்டும் அச்சு அசலாக வராது. அதனால்தான் கட்டிங்கில் லாட் வாரியாக நம்பர் ஒட்டி பண்டில் கட்டுவார்கள். தைக்கும் இடத்தில் பண்டில் கலந்தால் போச்சு, உடம்பு ஒரு லாட், கை இன்னொரு லாட் என்று பீஸ் வந்துவிடும். டியூப் லைட்டுக்குக் கீழே அது சட்டென்று கண்ணில் படாது. எனக்கு என்னவோ சந்தேகமாகவே இருந்ததால் நாலைந்து பீஸை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனேன். கை கொஞ்சம் டார்க்.

ப்ரொடக்ஷன் மேனேஜருக்குக் கோபம். நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் வைத்துக்கொண்டு இப்போது வந்து லைனை நிறுத்தச் சொல்கிறாயா என்று சத்தம் போட்டார். அந்த நேரம் பார்த்து ஓனர் வந்தார். பேட்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்து மேலே வந்த மனிதர் அவர். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பீஸை வாங்கி வெயிலில் பிடித்தார், கையை மடித்து உடம்புத் துணியின் மேல் வைத்தார், திருப்பினார், மறுபடி வைத்தார். “ஆமாங், வேற லாட்டு” என்றார். அன்றைக்கு ராத்திரி முழுக்க எல்லா பீஸையும் பிரித்தோம். பாராட்டா? மூச். டீயும் பன்னும் வந்தது, அதுவும் எல்லாருக்கும்தான்.

அடுத்த ஆர்டருக்கு டையிங்கிலிருந்து துணி வந்தபோது, ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி அட்டையில் ஒட்டி என் டேபிளுக்கே அனுப்பினார் ஓனர். பின்னாலேயே அவரும் வந்தார். “வெட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க அம்மிணி.” மேனேஜரும் கட்டிங் மாஸ்டரும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். சம்பளம் உடனே ஏறவில்லை, பதவியும் மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ஒரு பண்டிலை ஓரமாக வைத்தால் ஏன் என்று கேட்டார்களே தவிர, யாரும் சத்தம் போடவில்லை. துணியைத் தொட்டாலே தெரிந்துகொள்ளும் ஆள் நம் கண்ணை நம்புகிறார் என்பதில் ஒரு தனி கர்வம் இருக்கிறது. வேலை தெரியாதவர் ‘சூப்பர்’ என்று பத்து முறை சொன்னாலும் அது வராது.

தீபாவளி போனஸையும் பாராட்டுக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. சட்டப்படி தகுதியுள்ள தொழிலாளிக்கு வருடச் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸ் என்பது விதி. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அதைக் கொடுத்துவிட்டு ‘உங்களை எப்படிக் கவனிச்சுக்கறேன் பாருங்க’ என்று பேசும் முதலாளிகளைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

என் சித்தி மகள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். டெங்கு சீசனில் வார்டு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. இவள் மட்டும் பிபியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மேலே 100, கீழே 80. தனித்தனியாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லாத எண்கள்தான். ஆனால் டெங்குவில் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 20-க்கு வந்தால் ஷாக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் ஆபத்தான நிலை, தொடங்குகிறது என்று அர்த்தம், அதுவும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இது வரும். உடனே டியூட்டி டாக்டரை எழுப்பினாள், டிரிப்ஸ் ஏறியது, பையன் தேறினான். மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, “இந்த ரீடிங்கை எடுத்தது சிஸ்டர். ஏன் எழுப்பினாங்கன்னு அவங்களே சொல்லுவாங்க, கேட்டுக்கங்க” என்று பயிற்சி டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார். அவள் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் கொஞ்சம் உயரும். தனியாகக் கூப்பிட்டு ‘நன்றிம்மா’ என்றிருந்தால் இந்த அளவுக்கு மனதில் நின்றிருக்குமா, சந்தேகம்தான்.

ஐடியில் இருக்கும் என் தோழிக்கு மாதாமாதம் பாராட்டு மெயில் வரும். ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறும். அவள் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் எங்கள் கம்பெனி அயர்ன் மாஸ்டரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். அவர் முன்பு இருந்த இடத்தில் ஓனர் நல்லாப் பேசுவாராம், ‘நீங்க இல்லாட்டி இந்தக் கம்பெனியே இல்லீங்ணா’ என்பாராம். சனிக்கிழமை சம்பளம் மட்டும் செவ்வாய், புதன் என்று தள்ளிப் போகுமாம். “இங்க வந்து இத்தன நாளாச்சு, இந்த ஓனரு எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசுனதில்ல கண்ணு. சனிக்கெழம ஆறு மணிக்கு கவர் கைக்கு வந்துருது. நல்லாத்தான் இருக்குது” என்றார்.