“ரிவர்ட்” என்று எழுதி வம்பில் மாட்டிய அனுபவம் உண்டா?

மாரத்தஹள்ளிக்காரன்:
டீம் பெங்களூரில், க்ளையண்ட் கலிஃபோர்னியாவில். பேமெண்ட் பக்கத்துக்கான திருத்தம் ப்ரொடக்‌ஷனுக்குப் போய்விட்டது, அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் தளத்திலேயே ஏறிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் மெயில் போட்டாள்: “லாக் பார்த்துவிட்டு இரவுக்குள் ரிவர்ட் செய்கிறோம்.” லாக், அதாவது சிஸ்டம் பதிவுகளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம். அந்த க்ளையண்ட்டோ, போட்ட திருத்தத்தையே கழற்றப் போகிறோம் என்று நினைத்துவிட்டார். மீட்டிங்கில் வந்து ஒரே கத்தல். அந்தப் பெண் மைக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மேனேஜர் அவளையே மன்னிப்புக் கேட்க வைத்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தேரி வெஸ்ட்:
அந்த ஆள் பதறியதில் என்ன தப்பு? கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் ரிவர்ட் என்று கட்டளையே இருக்கிறது. பழைய கமிட்டை (பதிந்த மாற்றத்தை) அழிக்காமல், அதற்கு நேரெதிரான புது கமிட்டைச் சேர்த்து மாற்றத்தை ரத்து செய்யும். ப்ரொடக்‌ஷன் மெயிலில் அந்தச் சொல்லைப் பார்த்தால் நானும்தான் பதறுவேன்.

கரோல்பாக் தமிழன்:
டெல்லியில் வக்கீல் ஆபீஸ் வேலை. குத்தகை முடிந்தால் சொத்து உரிமையாளருக்கு ரிவர்ட் ஆகும், சட்டத்தில் அதுதான் பொருள். குத்தகைப் பத்திரம் ஒன்றைப் பற்றி “ரிவர்ட் செய்கிறோம்” என்று சீனியர் எழுத, “எந்தச் சொத்து, யாருக்குத் திரும்புகிறது?” என்று லண்டனிலிருந்து கேட்டார்கள். நியாயமான கேள்வி!

இந்திராநகர் அக்கா:
எனக்கும் நடந்திருக்கிறது, அதை விடுங்கள். தம்பி, அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். பதில் சொல்வதென்றால் ‘ரிப்ளை’ போதும். மாற்றத்தை எடுப்பதென்றால் ‘ரோல்பேக்’ என்று எழுதி, எந்த மாற்றம் என்பதையும் சேர்க்கணும். ‘ரிவர்ட் பேக்’ வேண்டவே வேண்டாம். ‘ரி’ என்பதிலேயே ‘பேக்’ இருக்கிறது. அப்புறம் ‘இரவுக்குள்’ என்றால் யாருடைய இரவு? கலிஃபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நம் இரவு எட்டு மணிக்கு அங்கே காலைக் காபி நேரம். இந்திய நேரம் என்று போட்டு மணியையும் எழுதச் சொல்லுங்கள்.

மாரத்தஹள்ளிக்காரன்:
அக்கா சொன்னது சரி, அவளிடம் சொல்கிறேன். ஆனால் அந்தேரிக்காரரே, பதறியதை நான் குறை சொல்லவில்லை. சிங்கப்பூர், மலேசியா ஆபீஸ்களிலும் பதில் சொல்வது என்ற அர்த்தத்தில் எழுதுகிறார்கள். எங்கள் மேனேஜரும் தினமும் அப்படித்தான் எழுதுகிறார். “எங்கள் ஊரில் இதற்குப் பதில் சொல்வது என்று பொருள்” என்று அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?