ஆடிப் பட்டத்தில் மாடித் தோட்டம்: அவரையும் கத்தரியும்

கேள்வி:
சென்னையில் எங்கள் மொட்டை மாடித் தொட்டிகளில் ஆடிப் பட்டத்துக்கு அவரையும் கத்தரியும் விதைக்க விரும்புகிறேன். ஐப்பசி மழையில் வேர் அழுகாமல் காப்பதற்கும், சமையலறைக் கழிவை உரமாக்குவதற்கும் வழி கூறுவீர்களா?

மறுமொழி 1:
அவரையைத் தயங்காமல் தொட்டியிலேயே ஊன்றுங்கள். பந்தல் அவரை பகற்பொழுது குறையும்போதுதான் பூக்கும் என்பதால், ஆடியில் ஊன்றிய கொடி நன்கு படர்ந்து, மார்கழி, தை மாதங்களில் மனம் நிறையக் காய்க்கும். கத்தரியை நாற்றுவிட்டு, ஏறத்தாழ 30 நாள் கழித்து எடுத்து நடவேண்டும்.

மறுமொழி 2:
தென்னை நார்க்கழிவை மட்டுமே நிரப்பினால் அடைமழையில் ஈரம் எளிதில் வடியாது. செம்மண்ணும் மணலும் கலந்து, தொட்டியைச் செங்கற்கள்மேல் உயர்த்தி வையுங்கள்.

மறுமொழி 3:
காய்கறித் தோலுடன் காய்ந்த இலைகளைத் தாராளமாகச் சேர்த்து மக்கவிட்டால் துர்நாற்றம் வராது. எண்ணெய் கலந்த சமைத்த உணவைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள், எலிகள் வரும்.